கழுகென்னும் ஒரு பெயர் போதுமோ?

சென்ற விடுமுறையில் கம்பம் பள்ளத்தாக்கின் சுருளி மலைக்காட்டில், பெரும் பறவையொன்று பட்ட மரத்தில் வீற்றிருக்கக் கண்டோம். உடன் வந்த நண்பர் ‘கழுகு’ என்றார். ‘எக்கழுகு?’ என வினவியபோது அவர் விடையறிந்திலர். தமிழ் பயிலும் யாமும் அறிந்திலோம்.

பின்னர் நூல்களை ஒப்புநோக்கித் தெளிந்தோம். அதன் கால்கள் இறகின்றி மஞ்சள் நிறமாயிருந்தன. எழுந்து பறந்தபோது சிறகின் அடிப்புறத்தே அகன்ற வெண்பட்டை விளங்கிற்று. ஆதலின் அது பாம்புண்ணும் கொண்டைக்கழுகே. கால்விரல் வரை இறகு மூடியிருப்பின் வேறினமெனத் துணிந்திருப்போம்.

இவ்வாறு பெயரறிவதால் பயனென்ன என்பார் சிலர். பிணந்தின்னும் பறவையையும் யாம் ‘கழுகு’ என்றே வழங்குகின்றோம். டைக்குளோஃபினாக் என்னும் மருந்து ஏற்றப்பட்ட கால்நடைகளின் உடலையுண்டு அவை கூட்டங்கூட்டமாக மாண்டன. 2006இல் இந்திய அரசு கால்நடைகட்கு அம்மருந்தைத் தடை செய்தது. அக்காலத்தும் வேறு கழுகுகள் வானில் வட்டமிட்டே வந்தன. ‘கழுகு உண்டு’ என்று அமைவார்க்கு எக்கழுகு அருகிற்று என்பது எங்ஙனம் புலனாகும்?

நம் முன்னோர் பருந்து, எழால், எருவை, பாறு என வேறுபடுத்தி வழங்கினர். அச்சொற்களை யாம் தேர்வின்பொருட்டே மனனஞ் செய்கின்றோம். திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் 2021இல் அமைந்தது. எனினும், காட்டில் வாழ்வன எவையென அறியாதார் அதற்குக் காவலர் ஆகார்.

மாணவ நண்பர்காள்! கண்டதைக் குறித்துக்கொண்மின்; ஐயமுளதாயின் ஐயமென்றே எழுதுமின்; தெளிந்தபின் பெயரிடுமின்.