காசை முழுங்கும் விளையாட்டு மெஷின்: கோளாறு எங்கே?

ஜவுளிக்கடை வாசலில் ஆடும் குதிரை, பொருட்காட்சி திடலில் குட்டி கார், மால்களில் பொம்மை பிடிக்கும் மெஷின்... எங்கே போனாலும் ஒரு குழந்தையின் அழுகை கேட்காமல் இருக்காது. "காசு போட்டேன், ஆடல" என்பதுதான் புகார். அப்பா மெஷினை ரெண்டு தட்டு தட்டுவார். காவலாளி வந்து, "காசு சரியில்ல சார், வேற போடுங்க" என்பார். வேற காசு போட்டால் ஆடும். முதலில் போட்டது போனது போனதுதான்.

காசு சரியில்லையா, மெஷின் சரியில்லையா? ரெண்டும் இல்லை. பெரும்பாலும் கோளாறு "செட்டிங்"கில் இருக்கிறது. அந்த மெஷினுக்கு காசு சொல்லிக் கொடுத்தவர் கடைசியாக எப்போது வந்து திறந்து பார்த்தார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மெஷின் சிங்கத்தை பார்ப்பதில்லை

காசு போடும் துவாரத்துக்கு பின்னால் உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி இருக்கும். தொழிலில் இதை காயின் அக்செப்டர் என்பார்கள். உள்ளே விழும் காசின் சிங்க முத்திரை, வருஷம், எழுத்து எதையும் இது பார்ப்பது கிடையாது. அகலம் எவ்வளவு, கனம் எவ்வளவு, என்ன உலோகம்... இவ்வளவுதான் பார்க்கும். கம்பிச் சுருள்கள் வழியாக காசு உருண்டு போகும்போது மின்சாரத்தில் ஏற்படும் மாற்றத்தை வைத்தே "இது அஞ்சு ரூபாய்" என்று முடிவு செய்யும்.

இதில் ரெண்டு ரகம் உண்டு. பழைய ரகத்தில், ஒரு மாதிரிக் காசை உள்ளே சொருகி வைத்துவிடுவார்கள். போடும் காசு அந்த மாதிரியோடு ஒத்துப்போனால் உள்ளே விடும், இல்லாவிட்டால் கீழே தள்ளும். ஒரே வகை காசுதான் வாங்கும். புது ரகத்தில் சின்ன கம்ப்யூட்டர் சிப் இருக்கிறது. நாலு வகை, ஆறு வகை காசுகளை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளும். சீனாவில் இருந்து வரும் இந்த ஆறு வகை பெட்டிகள்தான் இப்போது பரவலாக புழங்குகின்றன.

10 ரூபாய் நாணய விவகாரம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ₹ குறி இல்லாதது செல்லாது, 15 கோடு போட்டது கள்ளக்காசு என்று வதந்தி கிளம்பி, தமிழ்நாட்டில் பல கடைகளில் வாங்க மறுத்தார்கள். மொத்தம் 14 டிசைன் இருக்கிறது, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. அதற்கு பிறகும் அடங்கவில்லை. 2022-ல் அரூரைச் சேர்ந்த ஒருவர் 10 ரூபாய் நாணயங்களாகவே 6 லட்சம் சேர்த்து கார் வாங்கி, செல்லும் காசுதான் என்று காட்ட வேண்டியதாயிற்று. ஆனால் மெஷினுக்கு இந்த வம்பே கிடையாது. கோடு 10 இருந்தால் என்ன, 15 இருந்தால் என்ன... 27 மில்லிமீட்டர் அகலமும் உலோகமும் சரியாக இருந்தால் வாங்கிக்கொள்ளும். மனுஷன் மறுத்த காசை மெஷின் மறுக்கவில்லை.

அப்படியென்றால் எங்கே மாட்டுகிறது? அளவு மாறும்போது மாட்டுகிறது.

ரெண்டு ரூபாய்க்கு ஒரு ரூபாய் மதிப்பு!

2011-ல் மத்திய அரசு புது நாணய வரிசையை விட்டது. 25 காசும் அதற்கு கீழே உள்ளதும் அந்த ஆண்டு ஜூன் 30-ந் தேதியோடு செல்லாமல் போனது பலருக்கு நினைவிருக்கும். அதே நேரத்தில் நடந்த இன்னொரு மாற்றம் யார் கண்ணிலும் பெரிதாக படவில்லை.

1992 முதல் நாம் பார்த்துவந்த ஸ்டீல் 1 ரூபாய் நாணயத்தின் அகலம் 25 மில்லிமீட்டர், எடை ஏறக்குறைய 4.85 கிராம். 2011-ல் வந்த புது 2 ரூபாய் நாணயத்தின் அகலம்? அதே 25 மில்லிமீட்டர். எடை? அதே 4.85 கிராம். உலோகம்? அதே ஸ்டீல்.

புது 1 ரூபாயோ 22 மில்லிமீட்டராக சுருங்கிவிட்டது, எடை 3.79 கிராம். இது எதனுடைய அளவு தெரியுமா? பழைய ஸ்டீல் 50 காசின் அளவு! அதாவது ஒவ்வொரு காசும் ஒரு படி கீழே இறங்கி, தம்பி சட்டையை அண்ணன் போட்டுக்கொண்டான்.

இப்போது மெஷின் பக்கம் வருவோம். 1 ரூபாய்க்கு செட் செய்து வைத்த குதிரை. குழந்தை புது 2 ரூபாயை போடுகிறது. மெஷினுக்கு அது பழைய 1 ரூபாய். ஒரு ஆட்டம் ஆடும், மிச்சம் 1 ரூபாய் ஸ்வாகா. வேறொரு குழந்தை புது 1 ரூபாயை போடுகிறது. மெஷினுக்கு அது 50 காசு. "வேண்டாம்" என்று கீழே தள்ளும்.

சரி, ஆள் வைத்து புது 1 ரூபாயை சொல்லிக்கொடுத்தால்? அப்புறம் டீக்கடையில் கூட வாங்காத பழைய 50 காசை போட்டாலும் முழு ஆட்டம் ஆடும். 2 ரூபாயை 2 ரூபாயாகவே எண்ணும்படி மாற்றினால், பழைய 1 ரூபாய் போடுகிறவருக்கு டபுள் ஆட்டம் கிடைக்கும். எத்தனை விலை கொடுத்து எந்த பெட்டி வாங்கி மாட்டினாலும் இந்த ரெண்டையும் பிரிக்க முடியாது. அளவு ஒன்று, எடை ஒன்று, உலோகம் ஒன்று. எதை வைத்து பிரிப்பது?

ஆக, யாராவது ஒருத்தர் நஷ்டப்பட்டாக வேண்டும். மெஷின் வைத்திருப்பவரா, குழந்தையா? செட்டிங் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் நஷ்டப்பட மாட்டார். இது ஊர் அறிந்த விஷயம்.

இங்கே இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கண் தெரியாதவர்களும் காசை இதே முறையில்தான் கண்டுபிடிக்கிறார்கள். அகலம், விளிம்பு, கனம். முன்பு 2 ரூபாய் நாணயம் 11 பட்டையோடு இருந்தது, தடவினால் தெரியும். 2005-க்கு பிறகு வட்டமாக்கினார்கள். 2011-ல் அதை 1 ரூபாய் அளவுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். மெஷின் ஏமாந்த இடத்தில் அவர்களும்தான் ஏமாந்திருப்பார்கள். மெஷினையாவது திறந்து மாற்றலாம்.

அஞ்சு ரூபாய்க்கு நாலு முகம்

இந்த குழப்பத்தில் இருந்து தப்பிக்க எளிய வழி, 1 ரூபாய், 2 ரூபாயை விட்டுவிட்டு 5 ரூபாய், 10 ரூபாய்க்கு மாறுவது. விலைவாசியும் ஏறிவிட்டது, மோட்டார் மெஷினை 1 ரூபாய்க்கு ஆட்டினால் கரண்ட் பில்லுக்கே காணாது.

அங்கேயும் நிம்மதி இல்லை. பழைய 5 ரூபாய் கெட்டியாக 9 கிராம் இருந்தது, தாமிரமும் நிக்கலும் கலந்தது. பின்னர் 6 கிராமில் ஸ்டீல் வந்தது. அதன்பின் 2009 வாக்கில் மஞ்சளாக பித்தளை கலவையில் வந்தது. இந்த மூன்றுக்கும் அகலம் 23 மில்லிமீட்டர். 2019 வரிசையில் 5 ரூபாயை 25 மில்லிமீட்டராக பெரிதாக்கிவிட்டார்கள். நமக்கு நாலும் அஞ்சு ரூபாய். மெஷினுக்கு நாலும் நாலு தனி காசு.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஆறு வகை மனப்பாடம் செய்யும் பெட்டியில் 5 ரூபாய் மட்டும் நாலு இடத்தை பிடித்துக்கொண்டது. 10 ரூபாய்க்கு ஒன்று, 20 ரூபாய்க்கு ஒன்று. ஆச்சு, ஆறும் காலி. 10-க்கும் 20-க்கும் அகலம் ஒன்றுதான் (27 மில்லிமீட்டர்). 20 ரூபாய்க்கு 12 பட்டை உண்டு, எடையும் கொஞ்சம் கூட. உலோகக் கலவையும் வேறு என்பதால் நல்ல பெட்டி பிரித்துவிடும். சுமாரான பெட்டியில் செட்டிங்கை தளர்த்தி வைத்தால் சந்தேகம்தான்.

இது விளையாட்டு மெஷினோடு நிற்கவில்லை. 5 ரூபாய் போட்டு கேன் தண்ணீர் பிடிக்கும் குடிநீர் நிலையங்களிலும், கோயம்பேடு மார்க்கெட்டில் 2022-ல் வைத்த மஞ்சப்பை மெஷினிலும் உள்ளே இருப்பது இதே குடும்பத்து பெட்டிதான். குதிரை ஆடாவிட்டால் குழந்தை அழும், அவ்வளவுதான். தண்ணீர் வராவிட்டால் அன்றைக்கு உலை வைக்க முடியாது.

செட்டிங் எப்படி செய்கிறார்கள்?

பெட்டியை பொருத்துவது பெரிய வித்தை இல்லை. பொதுவாக நாலு ஒயர். 12 வோல்ட் ஒன்று, எர்த் ஒன்று, காசு சிக்னல் ஒன்று, எண்ணிக்கை மீட்டருக்கு ஒன்று. காசு சரியென்றால் சிக்னல் ஒயரில் "டிக்" என்று துடிப்பு போகும். 5 ரூபாய்க்கு 5 துடிப்பு, 10 ரூபாய்க்கு 10 என்று வைத்துக்கொள்ளலாம். இத்தனை துடிப்புக்கு ஒரு ஆட்டம் என்று மெயின் போர்டில் தனியாக செட் செய்ய வேண்டும். இந்த ரெண்டு இடமும் ஒத்துப்போகாவிட்டால் 10 ரூபாய்க்கு 5 ரூபாய் ஆட்டம்தான் கிடைக்கும். துடிப்பின் நீளத்துக்கும் ஒரு சுவிட்ச் உண்டு. போர்டு மெதுவாக எண்ணும் பழைய போர்டாக இருந்து, பெட்டி வேகமாக துடித்தால், நடுவில் ரெண்டு மூணு விட்டுப்போகும்.

சொல்லிக்கொடுக்கும் வேலைதான் முக்கியம். பட்டனை அழுத்திப் பிடித்தால் சின்ன திரையில் எழுத்துகள் வரும். 'இ' என்றால் எத்தனை வகை காசு, 'ஹெச்' என்றால் எத்தனை மாதிரி போடப் போகிறோம், 'பி' என்றால் எத்தனை துடிப்பு, 'எஃப்' என்றால் எவ்வளவு கறாராக பார்க்க வேண்டும். இதை முடித்ததும் மாதிரிக் காசுகளை ஒவ்வொன்றாக உள்ளே போட வேண்டும். ஒரு வகைக்கு 15, 20 காசாவது வேண்டும்.

இங்கேதான் சோம்பேறித்தனம் நடக்கிறது. கையில் இருக்கிற ஒரே 5 ரூபாயை எடுத்து 20 தடவை போட்டு முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு காசு மட்டும் மெஷினுக்கு அத்துப்படி. தேய்ந்த காசு, பளபளக்கும் புது காசு எல்லாம் அதற்கு அந்நியம். மும்பை, ஐதராபாத், கொல்கத்தா, நொய்டா என்று நாலு ஊரில் நாணயம் அடிக்கிறார்கள். வருஷத்துக்கு கீழே டைமண்ட் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஐதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. இப்படி கலந்துகட்டி பழசும் புதுசுமாக போட்டுக் காட்டினால்தான் மெஷின் நம்ம சில்லறையை புரிந்துகொள்ளும்.

'எஃப்' எண்ணிலும் ஒரு சூது உண்டு. எண் சின்னதாக இருந்தால் ரொம்ப கறார், நல்ல காசையே தள்ளும். பெரிதாக வைத்தால் தாராளம், வாஷரைக்கூட வாங்கிவிடும். 5-லிருந்து 10-க்குள் வைப்பது வழக்கம். வாஷருக்கு பயந்து ஓனர் கறாராக்கினால் தேய்ந்த காசோடு வருகிறவர் திரும்பிப் போவார்.

பெட்டி சாய்ந்திருந்தாலும் காசு உருளும் வேகம் மாறி தப்பாக படிக்கும். திருவிழா திடலில் மேடு பள்ளத்தில் மெஷினை நிறுத்துகிறவர்கள் இதை கவனிப்பதில்லை. குதிரை மோட்டாருக்கும் பெட்டிக்கும் ஒரே பவர் சப்ளை கொடுத்தால் மோட்டார் கிளம்பும்போது போடாத காசு எண்ணுவதும் உண்டு, போட்ட காசு எண்ணாமல் போவதும் உண்டு. கடற்கரை ஓரம் என்றால் உப்புக்காற்று வேறு. காசு ஓடும் பாதையை மாதம் ஒரு தடவையாவது துணி வைத்து துடைத்தால் பாதி புகார் குறையும்.

காசு போடுவதற்கு முன்...

துவாரத்துக்கு பக்கத்தில் ஒரு பட்டனோ நெம்போ இருக்கும். காசு நடுவில் மாட்டியிருந்தால் அதை அழுத்தினால் கீழே வந்துவிடும். மெஷினை தட்டுவதை விட இது மேல். கரண்ட் இல்லாத நேரத்தில் போட்ட காசு பெரும்பாலான பெட்டிகளில் தானாக திரும்பி விழும். ஆனால் காசு எண்ணியான பிறகு கரண்ட் போனால் ஆட்டமும் போச்சு, காசும் போச்சு. முதலில் ஒரு காசு மட்டும் போட்டு பார்த்துவிட்டு மிச்சத்தை போடுவது நல்லது. எந்த காசு வாங்கும், கோளாறு என்றால் யாருக்கு போன் செய்ய வேண்டும் என்று மெஷினில் எழுதி ஒட்டுவதற்கு ஓனருக்கு என்ன செலவாகப் போகிறது? ஸ்டிக்கர் இல்லாத மெஷினில் குழந்தையை ஏற்றாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

மால்களில் இந்த தலைவலியே வேண்டாம் என்று டோக்கனுக்கும் கார்டுக்கும் போய்விட்டார்கள். டோக்கன் என்றால் ஒரே அளவு, ஒரே உலோகம், மெஷினுக்கு சுலபம். மிச்ச டோக்கனை திருப்பி வாங்க மாட்டோம் என்று கவுண்டரில் சொல்லும்போதுதான் நமக்கு கஷ்டம். இப்போது சில இடங்களில் க்யூஆர் கோடும் ஒட்டுகிறார்கள். போனில் ஸ்கேன் செய்து பணம் கட்டினால், அந்த கருவியும் அதே சிக்னல் ஒயரில் அதே "டிக் டிக்" துடிப்பைத்தான் அனுப்புகிறது. ஆனால் உண்டியலை உடைத்து அஞ்சு ரூபாய் எடுத்துக்கொண்டு ஓடிவரும் பையன் கையில் போன் இருக்காது. அவனுக்காகவாவது பெட்டியை திறந்து, 2019 வருஷத்துக்கு பிந்தைய காசு நாலு போட்டுப் பார்க்கட்டும் மெஷின் ஓனர்கள்.