சி.சி. பெரிதா, செயின் பெரிதா?



பாலிடெக்னிக்கில் காலடி வைத்த நாளிலேயே ஊரில் நமக்கு ஒரு புதுப் பதவி கிடைத்துவிடுகிறது. மிக்ஸி ஓடவில்லையா, மோட்டார் தண்ணீர் இறைக்கவில்லையா, "டிப்ளமோ தம்பியைக் கூப்பிடு" என்கிறார்கள். எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் இப்போது என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "தம்பி, விறகு அறுக்க மிஷின் வாங்கலாம்னு இருக்கேன். பத்தாயிரத்துக்குள்ள எது நல்லது?"

சின்னக் கேள்விதானே என்று தோன்றும். ஆனால் கேட்கிறவர் மடியில் இருப்பது ஆடு விற்ற காசு. அல்லது மகளிர் குழுவில் அவர் வீட்டம்மா எடுத்த கடன். நாம் வாய்க்கு வந்ததைச் சொல்லி, அவரும் நம்பி வாங்கிவிட்டால் போவது பணம் மட்டுமல்ல. சில சமயம் காலும் போகும். ஆகவே இந்தக் கேள்விக்கு நாம் பொறுப்பாகப் பதில் சொல்லப் பழக வேண்டும் என்பது என் கருத்து.

இந்த மிஷின் ஆசை எங்கள் ஊருக்கு எப்போது வந்தது? 2018 நவம்பர் 16ல் கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் மாவட்டத்தில் தென்னையும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அவற்றை அறுத்து அகற்ற வெளியூர்களிலிருந்து செயின் சா மிஷின்கள் வந்து இறங்கின. கோடாலிக்கு அரை நாள் பிடிக்கும் வேலையை அவை சில நிமிடத்தில் முடித்ததை ஊரே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. புயல் போய்விட்டது, ஆசை நின்றுவிட்டது! கண்மாய்க்குள்ளும் தரிசிலும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வீட்டுக்கு கேஸ் வந்தாலும் வெந்நீர் அடுப்பு, கல்யாணச் சமையல், செங்கல் சூளை, கரிமூட்டம் எல்லாம் இன்னும் விறகைத்தான் நம்பியிருக்கின்றன. ஆக, மிஷினுக்கு வேலை இருக்கிறது. மறுக்கவில்லை.

ஆனால் கடைக்குப் போனதும் நடப்பது என்ன? "இது எத்தனை சி.சி.?" என்றுதான் முதல் கேள்வி. பைக் வாங்கிய பழக்கம்! கடைக்காரரும் "58 சி.சி., 22 இன்ச்" என்று பெருமையாகத் தூக்கிக் காட்டுவார். விலையும் கைக்கு அடக்கமாக இருக்கும். பக்கத்தில் இருக்கும் பெயர் பெற்ற கம்பெனியின் சின்ன மிஷின் அதைவிட இரண்டு மூன்று மடங்கு விலை. "சின்னதுக்கு விலை அதிகம், பெரியதுக்குக் குறைவு. நாம என்ன முட்டாளா?" என்று பெரியதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

மெக்கானிக்கல் நண்பர்களே, போர், ஸ்ட்ரோக் கணக்கு நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. மிஷினோடு வரும் புத்தகத்தில் போர் 45 மி.மீ., ஸ்ட்ரோக் 34 மி.மீ. என்று இருந்தால் கொள்ளளவு 54 சி.சி. வெளியே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் 58 என்றால் மீதி நாலு சி.சி. ஸ்டிக்கரில் மட்டுமே ஓடுகிறது என்று அர்த்தம். கால்குலேட்டரை எடுத்து ஒரு நிமிடம் போட்டுப் பாருங்கள். கடைக்காரரே கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார்.

அது உண்மையாகவே 58 இருந்தாலும், நம்ம ஊர் விறகுக்கு அது தேவையா? கண்மாய்க் கருவேலத்தில் பெரும்பாலான தண்டுகள் ஒரு அடி கனம்கூட இராது. கோணல் மாணலாக, முள்ளோடு இருக்கும். தைல மரமும் அப்படியே, நேராக இருக்குமே தவிரப் பருமன் கிடையாது. இதற்கு 16 அல்லது 18 இன்ச் பார் தாராளம். எப்போதாவது தடித்த புளி, வேம்பு வந்தால் இரண்டு பக்கமும் மாற்றி அறுத்துக்கொள்ளலாம். .325 பிட்ச் செயினில் 18 இன்ச் பாருக்கு வழக்கமாக 72 டிரைவ் லிங்க், 22 இன்ச்சுக்கு 86. இரண்டு லிங்குக்கு ஒரு பல் என்று வையுங்கள். 36 பல்லைத் தீட்டினால் போதும் என்கிற இடத்தில் 43 பல்லைத் தீட்டுவானேன்? கூடுதல் எடையை நாள் முழுக்கக் குனிந்து சுமப்பானேன்?

என் வாதத்தின் மையம் இதுதான்: மரத்தை அறுப்பது இன்ஜின் அல்ல, பல். இதற்கு வரலாறே சாட்சி. அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்தில் ஜோசப் பூஃபோர்டு காக்ஸ் என்று ஒரு மரம் வெட்டும் தொழிலாளி. அந்தக் காலத்துச் செயின்கள் கைரம்பம் போல நேர்ப்பல் உள்ளவை. சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி தீட்ட வேண்டும். 1946ல் ஒரு மரக்கட்டையில் வண்டுப் புழு ஒன்று மரத்தைக் குடைவதை அவர் உற்றுப் பார்த்தார். அதன் தாடைகள் இடமும் வலமும் மாறி மாறிக் கடித்துச் சீவிக்கொண்டு போயின. அதைப் பார்த்து இடம் வலமாக வளைந்த பல் உள்ள செயினைச் செய்து, 1947ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றும் உலகம் முழுக்க ஓடுவது அந்த வழியில் வந்த செயின்தான். குதிரைத் திறனைக் கூட்டி அல்ல, பல்லை மாற்றித்தான் அந்த மனிதர் வேலையை எளிதாக்கினார்!

ஆகவே கடையில் முதல் கேள்வி சி.சி. அல்ல. "இந்தச் செயினுக்குப் பிட்ச் என்ன, கேஜ் என்ன, எத்தனை டிரைவ் லிங்க்? இது புதுக்கோட்டையில் கிடைக்குமா, திருச்சிக்குப் போகணுமா?" இதுதான் கேள்வி. ஸ்டார்ட்டர் கயிறு, கார்புரேட்டர், கிளட்ச், ஆயில் பம்பு இவற்றுக்கும் அதே கேள்வி. ஒரு சின்ன உதிரிபாகம் கிடைக்காமல் மிஷின் பரணில் ஏறினால், மலிவாக வாங்கியதுதான் ஊரிலேயே விலை உயர்ந்த மிஷின்.

இரண்டாவது, செயின் பிரேக். ஒரு கணக்குப் போடுவோம். ஏழு பல் ஸ்ப்ராக்கெட், .325 பிட்ச், நிமிடத்துக்கு 10,000 சுற்று. செயின் நொடிக்குச் சுமார் 19 மீட்டர் ஓடுகிறது. மணிக்குக் கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர்! பாரின் மூக்கின் மேல்பகுதி எதிலாவது இடித்தால் மிஷின் எகிறி, பிடித்திருப்பவர் முகத்துக்கோ கழுத்துக்கோ வரும். நாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் சங்கதி இது. அப்போது காப்பாற்றுவது முன்கைப் பிடிக்கு எதிரே இருக்கும் அந்தத் தடுப்பும், அதோடு சேர்ந்த பிரேக்கும்தான்.

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் முள்ளுக்குள் நின்று அறுக்கும்போது மிஷின் எகிறியது. பிரேக் பெயருக்கு இருந்தது, பிடிக்கவில்லை. தொடையில் பதினாலு தையல். இரண்டு மாதம் கூலி இல்லை. அந்த இரண்டு மாதத்தில் வெளியே வாங்கிய கடன், அவர் மிஷின் வாங்கும்போது மிச்சம் பிடித்ததைவிட அதிகம். வாங்கும்போதே சோதிக்க ஐந்து நொடி போதும். இன்ஜின் ஓடாதபோது தடுப்பை முன்னால் தள்ளுங்கள்; கையுறை போட்டுக்கொண்டு செயினை இழுத்தால் அசையக் கூடாது. பின்னால் இழுத்துவிட்டால் சுலபமாக ஓட வேண்டும். இந்தச் சோதனையில் தேறாததை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மூன்றாவது, பட்ஜெட். பத்தாயிரம் இருந்தால் பத்தாயிரத்துக்கும் மிஷின் வாங்குவது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைந்த கதை. பத்தில் மூன்று பங்கை முதலிலேயே எடுத்துத் தனியாக முடிந்து வைக்கச் சொல்லுங்கள். அது ஒரு உபரி செயினுக்கு, உருண்டை அரத்துக்கு (.325 செயினுக்கு 4.8 மி.மீ.), கண்ணாடி, ஹெல்மெட், கையுறை, பூட்ஸுக்கு, பெட்ரோலில் கலக்க 2டி ஆயிலுக்கு. 50:1 என்று புத்தகம் சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. "கண்ணளவு போதும்ப்பா" என்று ஊற்றினால் பிஸ்டன் ஒருநாள் அப்படியே பிடித்துக்கொள்ளும். அறுக்கும்போது சீவல் விழாமல் மாவு மாதிரித் தூள் விழுந்தால் செயின் மழுங்கிவிட்டது என்று பொருள். மழுங்கிய செயினை அழுத்தி அறுப்பதுதான் மிஷினுக்கும் கேடு, ஆளுக்கும் கேடு.

"இவ்வளவும் ஏழைக்குக் கட்டுமாடா? நீ சொல்றது பணக்காரன் பேச்சு" என்று என் அறை நண்பன் சண்டைக்கு வந்தான். நியாயமான கேள்விதான். என் பதில்: கட்டாது என்றால் தனியாக வாங்க வேண்டாம்! வெந்நீர் அடுப்புக்கு மாதம் ஒரு வண்டி விறகு அறுக்க மிஷினே தேவையில்லை. ரம்பமும் கோடாலியும் போதும். எப்படியும் பிளப்பதற்குக் கோடாலியைத்தானே எடுக்க வேண்டும்? கொஞ்சம் கூடுதல் வேலை என்றால் வாடகைக்கு ஆளோடு மிஷினைக் கூப்பிடலாம். தொழிலாகவே செய்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்து, சர்வீஸ் கிடைக்கிற நல்ல மிஷின் ஒன்றை வாங்கலாம். நாலு மட்டமான மிஷினைவிட அது பல வருடம் கூட உழைக்கும். வீட்டுக் கொல்லையிலேயே அறுப்பவருக்குக் கரண்டில் ஓடும் செயின் சா இருக்கிறது. பெட்ரோல் கலக்கும் வேலையே இல்லை. 2000 வாட் என்றால் ஒன்பது ஆம்பியர் இழுக்கும். மெல்லிய வயரில் ஐம்பது மீட்டர் இழுத்து ஓட்டக் கூடாது என்பதை எலெக்ட்ரிக்கல் பிரிவு நண்பர்கள் எடுத்துச் சொல்லட்டும்.

நண்பர்களே! நம் சர்டிபிகேட்டை ஊரில் யாரும் வாங்கிப் படித்துப் பார்க்கப் போவதில்லை. நம் வாயிலிருந்து வரும் பதிலைத்தான் பார்ப்பார்கள். அடுத்த முறை யாராவது "தம்பி, எது வாங்கலாம்?" என்று கேட்டால் கம்பெனி பெயரைச் சொல்லிவிட்டு நகராதீர்கள். என்ன மரம், எவ்வளவு கனம், மாதம் எத்தனை நாள் வேலை என்று திருப்பிக் கேளுங்கள். முடிந்தால் கூடவே கடைக்குப் போய் அந்தப் பிரேக்கை ஒருமுறை தள்ளிப் பாருங்கள். ஒரு பஸ் டிக்கெட் செலவுதான். அந்தக் குடும்பத்தின் ஒரு மனிதருக்கு அது இரண்டு கால்!