பயனர் ஏட்டின் ஐந்தாம் களம்

பள்ளிக் கணிப்பொறியில் புதிய பயனர் ஒருவரைப் பதிவு செய்யப் புகும் ஆசிரியரிடம், டெபியன் வழிவந்த லினக்ஸ் அமைப்பு சில வினாக்களை எழுப்புவதுண்டு. முழுப்பெயர் யாது, அறை எண் யாது, அலுவலகத் தொலைபேசி யாது, வீட்டுத் தொலைபேசி யாது என்பன அவை. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இவ்வழி வந்ததே. விடையளிக்காவிடில் வேலை நடவாது என்றெண்ணி அனைத்தையும் நிரப்பி விடுவோர் உளர். இஃது அவசியமன்று, தீங்கு விளைவிக்கவும் வல்லது.

யூனிக்ஸ் இனத்தைச் சேர்ந்த அமைப்புகளில் பயனர் ஒவ்வொருவருக்கும் ஏட்டில் ஒரு வரி உண்டு. முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஏழு களங்கள் அவ்வரியில் அமைந்துள்ளன: புகுபெயர், கடவுச்சொல், பயனர் எண், குழு எண், பயனரைப் பற்றிய குறிப்பு, இல்ல அடைவு, கட்டளை ஏற்கும் நிரல். கடவுச்சொல் ஏடு என்றே இதற்குப் பெயர். ஆயினும் இன்று கடவுச்சொல் இதில் இல்லை! அதன் இடத்தில் ‘எக்ஸ்’ என்னும் ஓரெழுத்தே நிற்கின்றது. மறைவடிவிலான கடவுச்சொல், பொதுப் பயனர் படிக்கவியலாத வேறோர் ஏட்டிற்கு மாற்றப்பட்டுவிட்டது.

ஐந்தாம் களத்தின் பெயர் ‘ஜெகோஸ்’. அது ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் இயற்றிய ஓர் இயக்க அமைப்பின் பெயராகும். பெல் ஆய்வுக்கூடத்தில் தொடக்கக் கால யூனிக்ஸ் இயந்திரங்கள் அச்சு வேலை முதலியவற்றை அவ்வமைப்பு இயங்கிய பெருங்கணிப்பொறிக்கு அனுப்பி வந்தன. அதற்கு வேண்டிய அடையாளக் குறிப்பு இக்களத்தில் வைக்கப்பட்டது. அத்தேவை மறைந்தது, பெயர் மட்டும் நிலைத்தது.

கடவுச்சொல்லை மறைத்தவர்கள் ஏட்டை ஏன் மறைக்கவில்லை எனின், கோப்புகளின் உரிமையாளரை எண்ணாலன்றிப் பெயரால் காட்டுவதற்கு எல்லா நிரல்களும் இதனைப் படித்தாக வேண்டும். ஆதலின் அக்கணிப்பொறியில் புகும் மாணவர் எவரும், ஆசிரியை ஒருவரின் வீட்டுத் தொலைபேசி எண்ணை ஒரே கட்டளையில் கண்டுகொள்ளலாம். 1988 நவம்பர் 2-ஆம் நாள் வெளிப்பட்ட மாரிஸ் புழு என்னும் தீய நிரல், இக்களத்திலிருந்த பெயர்களையே கடவுச்சொற்களாகக் கொண்டு முயன்று பார்த்தது. தம் பெயரையே கடவுச்சொல்லாக வைத்திருந்தோர் அதற்கு எளிய இரையாயினர்.

எனவே பெயரொன்றை எழுதி, ஏனைய வினாக்களுக்கு வெறுமனே ‘என்டர்’ விசையை அழுத்திச் செல்வதே தக்கது. அமைப்பு அதனை மறுப்பதில்லை. முன்னரே எழுதப்பட்ட எண்களைத் திருத்த ‘சிஎச்எஃப்என்’ என்னும் கட்டளை உண்டு. முழுப்பெயரை மாற்றும் உரிமை மட்டும் பல அமைப்புகளில் பொறுப்பாளருக்கே உரியது. பட்டங்களைப் பெயருடன் சேர்க்கும் வழக்கமுடையோர் ஒன்றைக் கருதுதல் வேண்டும். இக்களத்தின் உட்பிரிவுகளைக் காற்புள்ளியே பிரிக்கின்றது. பொறுப்பாளர் பெயருக்குப் பின் காற்புள்ளியிட்டு ‘எம்.ஏ., பி.எட்.’ என நேராக எழுதிவிடின், எம்.ஏ. அறை எண்ணாகவும், பி.எட். அலுவலகத் தொலைபேசியாகவும் கொள்ளப்படும்.