தீவில் ஒரு பகற்பொழுது

சோழவந்தானின் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நீர் தரும் வைகை, பெரும்பாலும் கடலைக் காணாமலே இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகின்றது. நாமோ மதுரையில் இரயிலேறினால் கடலைக் கடந்தே இராமேசுவரத் தீவினுட் புகுகின்றோம். 1914-இல் திறந்த பாம்பன் பாலத்திற்கு ஓய்வளித்து, 2025-இல் புதிய பாலம் திறக்கப்பட்டது.

ஆயினும் சுற்றுலாச் செல்லும் நம் மாணவர் பலர் அப்பகலைக் கழிக்கும் முறை நமக்கு உவப்பன்று. காலை முழுதும் சங்கு, பாசிமணிக் கடைகளில் உலவி, உச்சி வெயிலில் தனுஷ்கோடிக்கு விரைகின்றனர். மணல் காலைச் சுடும். ஒதுங்க நிழலும் அரிது. காலை முதற்பேருந்திலேயே அரிச்சல்முனை செல்லுதல் வேண்டுமென்போம். கோயிலும் கடையும் மாலையிலும் உள அன்றோ? 2017 வரை முனைக்குத் தார்ச்சாலையே இல்லை. வேன்கள் மணலிலும் சேற்றிலும் தள்ளாடிச் சென்றன. இன்று அவ்விடர் இல்லை.

நிற்க. முனையில் நீராடலாகாது. வடபுறத்தைப் பெண்கடல் என்றும், தென்புறத்தை ஆண்கடல் என்றும் மீனவர் வழங்குவர். பெயரை நம்பி வடபுறம் இறங்குவோர், வாடைக்காலத்தில் அதுவே சீறுமென்பதை அறியார். இருகடலும் கூடுமிடத்து நீரோட்டம் மிக வலிது. குளிக்க விழைவோர் ஊரையடுத்த அக்கினி தீர்த்தக் கரைக்குச் செல்க.

திரும்புங்கால், 1964 டிசம்பர்ப் புயலில் இடிந்த தேவாலயச் சுவர்களருகே சற்று நிற்றல் வேண்டும், புகைப்படத்திற்காக மட்டுமன்று. அங்கே குடிசைகளில் இன்றும் வாழும் மீனவரிடம் பொரித்த மீன் வாங்குவோர், பேரம் பேசாதிருப்பாராக.