‘அவனை’ என்ற சொல்லுக்குள் யார்?

இலங்கையின் பால்நிலை சமத்துவச் சட்டமூலம் முழுவதுமே அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரைக்கு முரணானது, விசேட பெரும்பான்மை இல்லாமல் அதை நிறைவேற்ற முடியாது என்ற உயர் நீதிமன்றத்தின் தீர்மானம் 2024 ஜூன் 18ஆம் திகதி பாராளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அன்று முதல் போதகர்களும் குருவானவர்களும் இறையியல் ஆசிரியர்களும் எம்மிடம் கேட்பது ஒன்றுதான்: இதழின் நிலைப்பாடு என்ன? ஆராதனை முடிந்து வாசலில் நிற்கையில் சபையார் கேட்கிறார்கள், என்ன சொல்வது என்கிறார்கள். இந்த நேரத்தில் மௌனமாயிருக்க எமக்கு உரிமையில்லை.

தீர்மானம் வருத்தத்துக்குரியது என்பதே எமது நிலைப்பாடு. 12ஆம் உறுப்புரை சமத்துவத்துக்கான உறுப்புரை. சமத்துவத்தை நாடி வந்த சட்டமூலமே அந்த உறுப்புரைக்கு முரணானது எனக் காணப்பட்டிருக்கிறது. ஒரு வருடத்துக்கு முன், 2023 மே மாதத்தில், ஒருபாலுறவைக் குற்றமாக்கும், தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணாகாது என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. இரண்டு தீர்மானங்களையும் ஒப்புநோக்கும் வேலையைச் சட்ட அறிஞர்களிடம் விடுகிறோம். நமக்குரிய கேள்வி வேறு: தேவசாயல் பற்றிய நமது போதனை இந்த விவாதத்தில் எங்கே நிற்கிறது?

சில சபை வட்டாரங்களில் தீர்மானம் கேட்டு ஆறுதலடைந்தார்கள். 2024 ஏப்ரல் 8ஆம் திகதி வத்திக்கான் வெளியிட்ட ‘டிக்னித்தாஸ் இன்பினித்தா’ பிரகடனத்தைச் சிலர் துணைக்கு அழைத்தார்கள். அது பால்நிலைக் கோட்பாட்டையும் பால்மாற்றத்தையும் விமர்சிப்பது உண்மை. ஆனால் மனித மாண்பு ஒருவரது நிலையாலோ நடத்தையாலோ கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்பதே அந்த ஆவணத்தின் அடித்தளம். பாலியல் நாட்டத்தின் காரணமாக மாத்திரம் மனிதர் சிறையிலடைக்கப்படுவது மாண்புக்கு முரணானது என்று அதன் 55ஆம் பத்தி கண்டிக்கிறது. 365அ பிரிவை இன்னமும் சட்டக்கோவையில் வைத்திருக்கும் நாட்டில் வாழ்பவர்கள் அந்தப் பத்தியைத் தாண்டிச் சென்று மற்றவற்றை மாத்திரம் வாசிப்பது நேர்மையல்ல.

அந்த 365அ பிரிவின் வரலாற்றில் இறையியலாளர் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. 1995 வரை அது ‘ஆண்’ என்றே பேசியது. அவ்வாண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த இடத்தில் ‘ஆள்’ என்ற பொதுச்சொல்லை வைத்தது. விளைவாகப் பெண்களும் குற்றவாளிகளாகும் வழி திறந்தது. அதே 1995இல் தமிழ்க் கிறிஸ்தவ உலகில் இன்னொரு சொல் மாறியது. கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு, ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தில் ‘மனுஷன்’ இருந்த இடத்தில் ‘மானிடர்’ என்று எழுதியது. ஒரே ஆண்டில் பெண் இரண்டு ஏடுகளுக்குள் நுழைந்தாள். தண்டனைச் சட்டக்கோவையின் திருத்தம் உடனே நடைமுறைக்கு வந்தது. மொழிபெயர்ப்போ நமது பிரசங்க பீடங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்னமும் ஏறவில்லை.

இதை நான் சிறு விஷயமாக எண்ணவில்லை. கல்கிசையில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில், ‘அவனைத் தேவசாயலாகவே சிருஷ்டித்தார்’ என்ற ஆதியாகமம் 1:27ஐ விளக்கிக்கொண்டிருந்தேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாயார், பழைய வேதாகமத்தில் விரலை வைத்தபடி கேட்டார்: “ஐயா, இந்த ‘அவனை’க்குள்ள நானும் இருக்கிறனோ?” இருக்கிறீர்கள் என்றேன். “அப்ப ஏன் அப்பிடி எழுதேல்லை?” என்றார். பல வருடங்களாக அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எபிரேயத்திலும் ஒருமை ஆண்பால்தானே, மொழிபெயர்ப்பாளர் மூலத்தைத்தானே பின்பற்றினார் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் முழுமையல்ல. எபிரேயத்தில் பால் என்பது இலக்கணப் பால். அங்கே மேசை ஆண்பால், மண் பெண்பால். ‘ஆதாம்’ என்ற தொகைச்சொல்லுக்கு ஆண்பால் பிரதிப்பெயர் வருவது சொல்லின் இயைபு. அது உடலைக் குறிப்பதல்ல. தமிழில் பால் பொருளைப் பின்பற்றுவது. நாம் ‘அவனை’ என்றால் கேட்பவர் மனதில் ஓர் ஆண் எழுந்து நிற்கிறான். எபிரேயம் சொல்லாததை நமது தமிழ் சொல்லிவிடுகிறது.

அந்தப் பழைய வேதாகமத்தைத் தந்த, 1871இல் நிறைவுபெற்ற பவர் மொழிபெயர்ப்புக் குழுவினருக்கு இது தெரியாதிருக்கவில்லை. ஐந்தாம் அதிகாரம் இரண்டாம் வசனத்தில் அதே ‘ஆதாம்’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுப்பெயராக வரும்போது அவர்களே ‘மனுஷர்’ என்று பன்மையில் எழுதியிருக்கிறார்கள். வழி அங்கேயே இருந்தது. இன்னொன்றையும் பாருங்கள். கடவுளைப் பற்றி எழுதும்போது தமிழ் ‘அவர்’ என்கிறது. வினைமுற்றும் ‘ஆர்’ ஈற்றில் முடிகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான மரியாதை வடிவம் அது. ஆங்கிலம் பேசும் திருச்சபைகள் கடவுளின் பிரதிப்பெயருக்காகத் தசாப்தங்களாக வாதிட்டு வருகின்றன. நமக்கோ மொழியே அந்தக் கொடையைத் தந்திருக்கிறது. பால் காட்டாத பிரதிப்பெயரைக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய சாயலுக்கு மாத்திரம் ஆண்பாலை உடுத்திவிட்டோம்.

‘ஏசெர்’ என்ற சொல்லுக்கு நேர்ந்ததும் இதுவே. எபிரேய வேதத்தில் அந்தச் சொல் பெரும்பாலும் கடவுளையே குறிக்கும். 121ஆம் சங்கீதத்தில் அது வரும்போது நம்மவர் ‘ஒத்தாசை’ என்றார்கள். பயணத்துக்கும் மரணவீட்டுக்கும் நாம் அதையே வாசிக்கிறோம். ஆதியாகமம் இரண்டில் பெண்ணுக்கு வரும்போது அது ‘துணை’யாகிவிட்டது. ‘ட்சேலா’ என்பது யாத்திராகமத்தில் உடன்படிக்கைப் பெட்டியின் ‘பக்கம்’. பெண் வரும் இடத்தில் மாத்திரம் ‘விலா எலும்பு’. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நியாயம் சொல்லலாம். சேர்த்துப் பார்த்தால் ஒரு சாய்வு தெரிகிறது. தனித்திருக்கும் பெண்ணைத் தேவசாயல் என்று சொல்லத் தயங்கிய அகுஸ்தினாரின் ‘திரித்துவம்’ பன்னிரண்டாம் நூலை வகுப்பில் விமர்சிக்கிறோம். அவர் வாதாடி அடைந்த இடத்தை நமது சபைகள் வாதமின்றியே, வெறும் சொற்பழக்கத்தால் அடைந்திருக்கின்றன.

இந்தச் சட்டமூலம் எழுப்பிய மற்றக் கேள்வி, ஆண் பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர்களைப் பற்றியது. ஏசாயா 56இல் ‘அண்ணகர்’ கடவுளுடைய ஆலயத்துக்குள் குமாரர் குமாரத்திகளிலும் மேலான பெயரோடு வரவேற்கப்படுகிறார்கள். லூக்கா அதை மனதில் வைத்துத்தான் அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பியரின் கையில் ஏசாயாச் சுருளைக் கொடுக்கிறார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அவர் ‘மந்திரி’. அண்ணகர் என்ற அடையாளம் அங்கே இல்லை. ஏசாயாவின் வாக்கு நிறைவேறும் இடம் தமிழ் வாசகருக்கு மறைந்தே போயிற்று. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், ஆணென்றோ பெண்ணென்றோ முற்றாக வகுக்க இயலாதவரையும் உயர்திணைக்குள்ளேயே வைத்தார். அவர்களுக்கெனத் தனி ஈறு இல்லை, உள்ள ஈறுகளே வரும் என்று விதி செய்தார். தனி ஈறு இல்லை என்பதற்காகத் திணையை விட்டு வெளியேற்றவில்லை. நமது இலக்கணம் கொடுத்த இடத்தை நமது திருச்சபை கொடுக்கத் தயங்குகிறது.

இங்கே எனது மனக்குறையை மறைக்காமல் சொல்லவேண்டும். வழிபாட்டு ஒழுங்குகளில் ‘மனுஷன்’, ‘சகோதரரே’ போன்ற சொற்களைத் திருத்தும்படி, பொறுப்பிலிருந்த ஒரு குழுவுக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்குக் கவனத்தில் எடுக்கப்படும் என்று ஒரு வரி வந்தது. அரசாங்கம் ஒரு சட்டமூலம் கொண்டுவந்தால் சில நாட்களில் அறிக்கை விடத் தெரிந்த நமது தலைமைகளுக்கு, தங்கள் கையிலுள்ள வழிபாட்டு நூலில் ஒரு பக்கத்தைத் திருத்த ஒரு தலைமுறை போதவில்லை. மொழிபெயர்ப்பு நமக்கு அந்நிய வேலையுமல்ல. 1759இல் கொழும்பில் அச்சான புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கிய பிலிப்பு தெ மெல்லோ இந்தத் தீவின் தமிழர். 1850இன் மொழிபெயர்ப்புக்காக யாழ்ப்பாணத்தில் மிஷனரி பேர்சிவலோடு உட்கார்ந்து உழைத்தவர் ஆறுமுக நாவலர். அவ்வளவு செய்த மண்ணில் இன்று ஒரு பிரதிப்பெயருக்குத் துணிவில்லை.

துணிந்தவர்களை என்ன செய்தோம் என்பதும் நினைவிருக்கிறது. திஸ்ஸ பாலசூரியா அடிகளார் மரியாளையும் மனித விடுதலையையும் பற்றி எழுதியதற்காக 1997 ஜனவரியில் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். அவருக்கெனத் தயாரிக்கப்பட்ட விசுவாச அறிக்கையில் பெண்களுக்குக் குருத்துவம் இல்லை என்பதையும் ஏற்கும்படி கேட்டிருந்தார்கள். அவர் அதில் ஒப்பமிடாமல் ஆறாம் பவுல் திருத்தந்தையின் விசுவாச அறிக்கையில் ஒப்பமிட்டார். ஒரு வருடம் கழித்தே ஒப்புரவு வந்தது. அவருடைய எல்லா முடிவுகளையும் நான் ஏற்பவனல்ல. ஆனால் பெண்ணைப் பற்றிய கேள்வியை இந்தத் தீவிலிருந்து கேட்டவருக்கு முதலில் கிடைத்தது பதிலல்ல, தண்டனை. 2006இல் அங்கிலிக்கச் சபையான இலங்கைத் திருச்சபை பெண்களைக் குருக்களாக அபிஷேகம் செய்தபோது மகிழ்ந்தோம். ஆனால் பழைய மொழிபெயர்ப்பே வாசிக்கப்படும் பலிபீடத்தில் நிற்கும் பெண் குருவானவர், தன்னைக் குறிக்காத சொல்லால்தான் மனித குலத்தைக் குறிப்பிடவேண்டியிருக்கிறது.

ஆகவே, தீர்மானத்தின் பின்னே ஒளிந்துகொள்ள வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மூன்றில் இரண்டு பெரும்பான்மையைத் தேடுவது பாராளுமன்றத்தின் பாடு. தேவசாயலுக்கு விசேட பெரும்பான்மை தேவையில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வரும் மாதங்களில் பல திருமண ஆராதனைகள் நடக்கும். ஆதியாகமம் ஒன்று வாசிக்கப்படும். வாசிப்பவர் பழைய மொழிபெயர்ப்பையே கையில் வைத்திருந்தாலும், 1:27ஐ வாசித்த உடனே ஐந்தாம் அதிகாரத்துக்குத் திருப்பி இரண்டாம் வசனத்தையும் சேர்த்து வாசிக்கட்டும். ‘மனுஷர்’ என்ற சொல் சபையின் காதில் விழட்டும். இதற்கு எந்தக் குழுவின் அனுமதியும் வேண்டியதில்லை. அந்தத் தாயார் இப்போது ஆராதனைக்கு வர இயலாதவர். அடுத்த முறை அவர் வீட்டுக்குப் போகையில் நான் அவருக்கு அப்படித்தான் வாசிக்கப்போகிறேன்.