விசுவாசம் வளரும் வகை

கடவுளிடத்து அன்பும் விசுவாசமும் கிறிஸ்தவ வாழ்க்கையில் எவ்வாறு வளர்கின்றன என்பது பிரசங்க பீடத்திலிருந்து நாம் அடிக்கடி கேட்கும் பொருளே. ஆயினும் அதுபற்றி நம் மாணாக்கரிடையே நிலவும் எண்ணம் ஒன்று திருத்தம் பெறவேண்டும். கேட்டது கிடைக்குந்தோறும் விசுவாசம் பெருகும், கிடையாதபோது குன்றும் என்பதே அவ்வெண்ணம். பரீட்சைக்கு முந்திய வாரத்தில் விடுதி ஜெபக்கூட்டத்தில் உட்கார இடம் கிடைப்பது அரிது. பரீட்சை முடிந்த மறுவாரமோ விரித்த ஜமக்காளம் வெறுமையாய்க் கிடக்கும். இதனை இகழ்வதற்கில்லை. துன்பம் வந்தபோது தந்தையைத் தேடுவது பிள்ளைக்கு இயல்பு. ஆனால் வேண்டுதலும் பேறுமாக மட்டுமே நடைபெறும் உறவு, கடைக்காரருக்கும் வாடிக்கைக்காரருக்கும் உள்ள உறவேயன்றித் தந்தைக்கும் மகனுக்கும் உரியதன்று.

நாம் சாய்ந்திருக்கும் ஊன்றுகோல்கள் அகற்றப்படும்போதே விசுவாசம் வளர்கின்றது என்பது எமது கருத்து. இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் இருப்புப்பாதையில், சிறுமலையின் அடிவாரத்தே, அம்பாத்துரை ஸ்டேஷனை அடுத்துள்ள காந்திகிராமத்தோடு இணைந்து ஊழியம் செய்த ரால்ஃப் ரிச்சர்டு கெய்த்தான் ஐயரின் வாழ்க்கையே போதும்.

அவர் 1898ஆம் ஆண்டு அமெரிக்காவிற் பிறந்து, 1925இல் மதுரை அமெரிக்கன் மிஷனைச் சார்ந்த மிஷனெரியாக இந்நாட்டிற்கு வந்தார். 1930ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் காந்தியடிகள் வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தை எடுத்துச் சென்று கொடுத்த ரெஜினால்டு ரேனால்ட்ஸ் என்னும் ஆங்கில இளைஞர், பின்னர்க் கெய்த்தான் இல்லத்தில் விருந்தினராய்த் தங்கினார். ஒரு கிறிஸ்தவர் மற்றொரு கிறிஸ்தவருக்கு வீட்டில் இடம் அளித்தது குற்றமாயிற்று! அவ்வாண்டே கெய்த்தான் இந்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது.

இவ்விடத்தில் சற்று நின்று சிந்திப்போம். அந்நாளில் அயல்நாட்டு மிஷன்கள், அரசாங்கத்திற்கு மாறாக நடவோம் என்று வாக்களித்த பின்னரே இங்கு ஊழியம் செய்ய இயன்றது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் அந்த வாக்கின் நிழலிலே நடைபெற்றன. அவற்றால் விளைந்த நன்மையை மறுப்பார் இலர். அவற்றைக் காக்க எண்ணியவர்களைக் கோழைகள் என்று கூறவும் எமக்கு மனமில்லை. எனினும், கர்த்தரையே நம்பினோம் என்று பாடிய வாய், கலெக்டரின் தயவு நீங்கிவிடுமோ என்று அஞ்சியும் பேசிற்று. எதை இழந்தால் நம் உள்ளம் நடுங்குமோ அதிலேதான் நம் விசுவாசம் வேரூன்றியிருக்கின்றது. (மானியத்தொகை தாமதமாகும் மாதங்களில் ஒரு கல்லூரி அலுவலகத்திற் காணப்படும் முகங்களை நினைத்துக்கொண்டே இதனை எழுதுகின்றோம்.)

கெய்த்தான் மீண்டும் வந்தார். 1944இல் மறுபடியும் வெளியேற்றப்பட்டார். 1947இல் மீண்டும் வந்தார். அவ்வாண்டு அக்டோபர் மாதம் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினர். கெய்த்தான் அதன் தொடக்க நாட்களிலேயே அவர்களோடு சேர்ந்துகொண்டார். இந்த மூன்றாம் வருகையே எமக்கு வியப்பளிக்கின்றது. கற்பிக்க வந்த வெள்ளையர், பிற சமயத்தார் தலைமை தாங்கும் ஒரு நிலையத்தில் உடன் ஊழியராய் அமர்ந்தார். சம்பளத்தையும் அரசாங்க அனுமதியையும் இழப்பது ஒருவகை இழப்பு. கொடுப்பவன் நானே என்னும் பெருமையை இழப்பது அதனினும் அரிது. 1973இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றிற்கு அவர் ‘இந்தியாவில் யாத்திரை’ என்று பொருள்படும் பெயரிட்டார். தாம் வெற்றிகண்ட ஊழியம் என்று பெயரிடவில்லை, யாத்திரை என்றார். கெய்த்தான் 1984இல் காலமானார்.

திபேரியாக் கடற்கரையில் உயிர்த்தெழுந்த ஆண்டவர் பேதுருவை நோக்கி, நீ என்னை நேசிக்கிறாயா என்ற பொருளில் மும்முறை வினவியதை நாம் அறிவோம். ஒவ்வொரு விடைக்குப் பின்னும் பேதுரு பெற்றது புகழ்ச்சியன்று, ஆடுகளைப் பேணும் வேலையே. அன்பு உண்டா இல்லையா என்னும் ஆராய்ச்சியை ஆண்டவர் மந்தையிடம் திருப்பிவிட்டார். தம் உள்ளத்து உணர்ச்சியை நாள்தோறும் அளந்து பார்த்துக் கவலையுறும் நம் இளைஞர்க்கு இது பெரிதும் ஏற்ற மருந்து.

அப்படியாயின் ஊழியமே போதும், ஜெபம் எதற்கு என்று சிலர் கேட்பர். அவர்களோடு எமக்கு உடன்பாடில்லை. திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931இல் கீழே விழுந்து காயமுற்றபின், 1951 ஜனவரியில் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே கிடந்தார். ஓடியாடிச் செய்த ஊழியம் என்னும் ஊன்றுகோலும் அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. எழுதுகோலும் ஜெபமுமே எஞ்சின. ஊழியமே விசுவாசத்தின் முழு உருவமாயின், அவ்வறையில் அவருக்கு மிஞ்சியிருப்பது ஒன்றுமில்லை. அங்கிருந்து அவர் எழுதிய நூல்களோ வேறு விதமாய்ச் சாட்சி பகர்கின்றன.

இவ்வளர்ச்சி விரைந்து நிகழ்வதுமன்று. எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை ஞானஸ்நானம் பெற்றது 1858இல். அவருடைய இரட்சணிய யாத்திரிகம் நூலாக வெளிவந்தது 1894இல். இடையே முப்பத்தாறு ஆண்டுகள். அவரும் யாத்திரை என்னும் சொல்லையே தேர்ந்துகொண்டார் என்பது கருதத்தக்கது.

நம் மாணவர் ஆண்டுதோறும் தியானக் கூட்டத்திற்குக் கோடைக்கானல் மலை ஏறுகின்றனர். மலையின் குளிரும் மேகமும் உள்ளத்தை உருக்கும் என்பதில் ஐயமில்லை. இறங்கிவந்த பத்து நாட்களில் அவ்வுருக்கம் என்னாகின்றது என்பதும் அனைவரும் அறிந்ததே. வரும் ஆண்டில் அம்மூன்று நாட்களை ஏன் சமவெளியிலேயே கழிக்கலாகாது? காலையில் வேதவாசிப்பு, பகலில் காந்திகிராமத்தையோ சின்னாளபட்டி நெசவாளர் தெருக்களையோ சார்ந்து, அங்குள்ளோர் சொல்லும் வேலை, மாலையில் பல சமயத்தாரும் கூடும் பிரார்த்தனையில் ஓர் ஓரத்தில் அமைதியாய் அமர்தல். செலவும் குறைவு. மாணவர் சங்கக் காரியதரிசி இதனை அடுத்த கூட்டத்தில் முன்வைப்பாராக.