அரணும் ஒளிவிடமும்

அரசமைப்புச் சட்டத்தைப் படிப்போர் பெரும்பாலும் அதன் உறுப்புகளோடு நின்றுவிடுகின்றனர். இறுதியில் வரும் அட்டவணைகளை வெறும் பின்னிணைப்பென்று கடந்துவிடுகின்றனர். மாநிலங்களவையில் தமிழகத்துக்கு 18 இடங்கள் என வரையறுப்பதும், கல்வி குறித்துச் சட்டம் இயற்றும் அதிகாரம் எவருக்கு உண்டு என வகுப்பதும் அந்தப் பின்னிணைப்புதான். 1950-இல் எட்டாக இருந்த அட்டவணைகள் இன்று பன்னிரண்டு.

இவற்றுள் ஒன்பதாவதன் வரலாறு தனியே எண்ணத்தக்கது. ஜமீன் ஒழிப்புச் சட்டங்கள் வழக்குகளில் சிக்கி, உழுதவனுக்கு நிலம் எட்டாக்கனியாக இருந்த வேளையில், 1951-இல் முதல் திருத்தம் அதனை உருவாக்கியது. பதின்மூன்று சட்டங்கள் அதனுள் வைக்கப்பட்டன. அடிப்படை உரிமைகளுக்கு முரண் என்று காட்டி அவற்றை வீழ்த்த இயலாதவாறு 31-பி உறுப்பு காத்து நின்றது. அன்றைய நிலவுடைமையின் வலிமையை அறிந்தோர் இதனைக் குறைகூறார்.

திறந்த கதவு உழவனோடு மூடிக்கொள்ளவில்லை. நெருக்கடிநிலைக் காலத்தில், விசாரணையின்றிச் சிறைவைக்க வழிசெய்த மிசாவும், பத்திரிகைகளின் வாயடைத்த சட்டமும் அதே அட்டவணைக்குள் புகுந்தன. எளியோர்க்கென எழுப்பிய அரணில் ஆட்சியாளர் ஒளிந்துகொண்டனர்! 1978-இல் 44-ஆவது திருத்தம் அவ்விரண்டையும் நீக்கியது. ஆயினும் பட்டியல் வளர்ந்து, அதன் வரிசை எண் 284-ஐத் தொட்டுவிட்டது.

கூடலூர் ஜன்ம நிலங்கள் பற்றிய தமிழகச் சட்டத்தை ஒட்டி எழுந்த கோயலோ வழக்கில், 2007 ஜனவரி 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக எல்லை வகுத்தனர். அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தாலும் மாற்ற இயலாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த 1973 ஏப்ரல் 24-க்குப் பின் இவ்வட்டவணையில் சேர்ந்த சட்டம் எதுவாயினும், அக்கட்டமைப்பைச் சிதைக்கிறதா என்று நீதிமன்றம் ஆராயலாம். இத்தீர்ப்பு சரியானதே என்பது நம் கருத்து.

நமது 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுச் சட்டம் அட்டவணையில் இடம்பெற்றது 1994-இல். அந்த எல்லைக்கு இப்பால். அச்சட்டத்தின் நியாயத்தில் நமக்கு ஐயமில்லை. அட்டவணை காக்கும் என்ற துணிவில் அந்த நியாயத்தை மெய்ப்பிக்கும் கடமையை மறந்துவிட்டோமோ என்பதே கவலை. எந்தச் சமூகம் கல்வியிலும் அரசுப் பணியிலும் எவ்வளவு இடம் பெற்றுள்ளது என்ற முழுமையான கணக்கை, நீதிமன்றம் கேட்கும் நாள்வரை காத்திராமல், தமிழக அரசு இப்போதே திரட்டி மக்கள்முன் வைக்க வேண்டும்.